காய வைக்க இடம் எங்கே?

புயல் ஓய்ந்த ஊரில் இரண்டாம் நாளே நாற ஆரம்பிப்பது ஃபிரிட்ஜ்தான். கதவைத் திறக்காமல் வைத்திருந்தாலும் கரண்ட் போன நாலு மணி நேரத்துக்குப் பிறகு அதன் குளிர்ச்சியை நம்ப முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின், வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

இப்படி நேரும்போதெல்லாம் யாராவது மண்பானை ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசுவார்கள். நல்ல கண்டுபிடிப்புதான். வடக்கு நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் பானைக்குள் பானை வைத்து, இடையே ஈர மணலை நிரப்பிக் காய்கறிகளை வாடாமல் காத்தார். 2000-இல் அதற்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் 7.5 செ.மீ. அளவுக்கு மணல் கொட்டி இதையே பெரிதாகச் செய்தது. ஆனால் இதெல்லாம் வறண்ட காற்றுக்குத்தான் சரிப்படும். 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால், பானை ஏறக்குறைய 21 டிகிரி வரை குளிரலாம். 32 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரத்தில் 29-க்குக் கீழே இறங்குவதே சிரமம். கார்த்திகையில் கொடியில் போட்ட துணியே காயாத ஊரில் பானை எப்படிக் குளிரும்?

நம் கரைக்கு ஒத்து வந்தது பண்டத்திலிருந்து நீரை எடுத்துவிடுவது. சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்தது அடைமழையில் சோற்றுக்குத் துணையாகும். மோர் மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்போடு மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊற வைக்கிறார்கள். காலையில் பிழிந்து வெயிலில் பரப்பி, சாயந்திரம் மறுபடி அதே மோரில் போடுகிறார்கள். மோர் வற்றும்வரை இதுதான் வேலை. உப்பு, புளிப்பு, வறட்சி என்று கிருமிக்கு மூன்று பூட்டு. ஒன்று தளர்ந்தாலும் மற்றவை காக்கும்.

இந்தக் கைப்பக்குவம் இன்னும் அழிந்துவிடவில்லை. குறைந்துகொண்டே போவது இடம். அடுக்குமாடிகளின் மொட்டை மாடியில் வற்றல் போட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்புக்குள் நெல்லைக் கொண்டுவர விவசாயி தார்ச்சாலையில் கொட்டிக் கிளறுகிறார். நெத்திலி காய வைக்கும் பெண்களுக்கோ மணலும் சாலையோரமும்தான். திடீர் மழை வந்தால் அன்றைய முதல் போயிற்று.

2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட தொகை 20,050 கோடி ரூபாய். இப்படிப்பட்ட திட்டம் என்றாலே நம் பேச்சு ஐஸ் பிளான்ட், குளிர்பதனக் கிடங்கு என்றுதான் போகிறது. வெளியூர் போகும் வஞ்சிரத்துக்கு அவை வேண்டியவைதான், மறுக்கவில்லை. கருவாட்டுக்கு வேண்டியது அதைவிட எளியது: இடுப்புயரத்தில் வலை கட்டிய தட்டு, மழைக்கு இழுத்து மூடத் தார்ப்பாய், பக்கத்தில் நல்ல தண்ணீர். கருவாட்டில் மண்ணும் ஈயும் என்று முகம் சுளிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வலைத் தட்டில் மண் ஒட்டாது. அடியிலும் காற்று புகுவதால் சீக்கிரம் காயும். சீக்கிரம் காய்ந்தால் ஈ மொய்க்கும் நேரமும் குறையும். உப்பின் அளவை மட்டும் ரத்தக்கொதிப்புக்காரர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெல்லுக்கு ஊராட்சிகள் உலர்களம் கட்டுகின்றன. அதே தலைப்பில் மீனவக் குப்பங்களையும் சேர்த்து, கரைப் புறம்போக்கில் அரை ஏக்கரைப் பெண்கள் குழுக்களின் பெயரில் ஒதுக்கினால், அடுத்த சித்திரைக்குள் வேலையைத் தொடங்கிவிடலாம்.