தலைமையும் சூழ்நிலையும்

தலைவர் சூழ்நிலைக்கேற்ப மாறவேண்டுமா? சூழ்நிலை தலைவருக்குப் பொருந்தவேண்டுமா?

தலைவரின் இயல்பு எளிதில் மாறாது, அவருக்கேற்ற சூழலே வேண்டும் என்றார் ஃபீட்லர் (1967). பின்பற்றுவோரின் பக்குவமறிந்து தலைவரே மாறவேண்டும் என்றனர் ஹெர்சியும் பிளான்சர்டும் (1969).

நம் தஞ்சைத் தரணியையே உரைகல்லாகக் கொள்வோம். 1940-களில், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் இங்கு வந்து, சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் அஞ்சிக் கிடந்த பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டி எதிர்த்து நிற்கப் பழக்கினார். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968-இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையானபின் இங்கு பணியாற்ற வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனோ, 1981-இல் 'லாஃப்டி' இயக்கத்தைத் தொடங்கினார். நிலக்கிழார்களிடம் பேசி, கடனுதவியால் நிலம் வாங்கி, நிலமற்ற பெண்களுக்கு உரிமையாக்கினார்.

ஒருவர் வழி எதிர்ப்பு. மற்றவர் வழி இணக்கம். இரண்டும் அவரவர் காலத்திற்குப் பொருந்தியவையே. இதுவரை அறிஞர்கள் கூற்று சரிதான். ஆனால் பணி முடிந்ததா என்று கேட்கும் அக்கோட்பாடுகள், சூழ்நிலை நியாயமானதா என்று கேட்பதில்லை. இவ்விருவரும் கேட்டனர், கேட்டதோடு நில்லாமல் மாற்றவும் முனைந்தனர்.

என் பாட்டனார் பண்ணை வாசலில் கைகட்டி நின்றவர். நான் கல்லூரி மலரில் எழுதுகிறேன். சூழ்நிலைக்குப் பொருந்துவது திறமை. அதைத் திருத்துவதே தலைமை என்பது என் துணிபு. மாணவத் தோழர்களே, சிந்திப்பீர்!