சொல்லாமல் நீங்கும் பொதிகள்

டெபியன் லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டித் தரப்படுகின்றன. பராமரிக்க ஆளின்றிப் போனவையும், காலாவதியான நிரல்களை நம்பியிருப்பவையும் அவ்வப்போது களஞ்சியத்திலிருந்து நீக்கப்படும். நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஓட்டையை அடைக்க ஆளில்லாத நிரலைப் புதிதாக ஒருவர் கையில் கொடுப்பது பொறுப்பான செயலல்ல. செய்தி யாருக்குப் போகிறது என்பதே என் கேள்வி.

நீக்கும்படி ஒருவர் வழு அறிக்கை பதிகிறார். பராமரிப்பாளருக்கு மடல் போகிறது. களஞ்சியப் பொறுப்பாளர்கள் நீக்கிவிடுகிறார்கள். அதை ஏற்கெனவே நிறுவியிருப்பவருக்கோ ஒரு சொல்லும் வருவதில்லை. அவர் கணினியில் நிரல் பெரும்பாலும் முன்போலவே இயங்கிக்கொண்டிருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வாரா. திருத்தம் தேவைப்படாத நிரலும் திருத்துவாரற்ற நிரலும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். நின்றுபோன சிற்றிதழின் சந்தாதாரராவது இதழ் வரவில்லையே என்று உணர்வார்; இவருக்கு அதற்கும் வழியில்லை.

பைத்தான் 2 முறையாக விடைபெற்றது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடியும் என்று பல ஆண்டுகள் முன்பே அறிவித்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11, சில பொதிகளைக் கட்டுவதற்காக மட்டும் அதை வைத்திருந்தது; திருத்தங்கள் வாரா என்று வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதியிருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அது இல்லை. புகழ்பெற்ற மொழிக்குக் கிடைத்த இந்த மரியாதை, யாரோ எழுதிய சிறு உரைத்திருத்திக்குக் கிடைப்பதில்லை. (வெளியீட்டுக் குறிப்பை வாசிப்பவர் எத்தனை பேர் என்பது தனிக்கதை.)

எந்தப் பொதியை யார் வைத்திருக்கிறார் என்று தன்னார்வலர்கள் அறியமாட்டார்கள் என்பார்கள். அறிய வேண்டியதும் இல்லை. பட்டியல் அவரவர் கணினியிலேயே இருக்கிறது. களஞ்சியத்தில் இல்லாதவை எவை என்று கேட்டால் ஏப்ட் கருவி சொல்லிவிடும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பங்களிப்பாளர்களுக்கென்றே 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்றொரு கருவியும் உண்டு. நாம் நிறுவியவற்றுள் பராமரிப்பாளரை இழந்தது எது, சோதனைக் கிளையிலிருந்து நீங்கவிருப்பது எது என்று அது காட்டும். ஆனால் அதைத் தேடி நிறுவுபவர் முன்பே விழிப்பானவர்.

அதே தகவல் கேளாமலே எல்லோருக்கும் வரட்டும். நீக்கத்துக்குச் சில மாதங்கள் முன்பு, கணினியை மேம்படுத்தும் வேளையில், நாளும் காரணமும் மாற்றும் மூன்று வரிகளில் தெரிந்தால் போதும். படிப்பவர்களுள் ஒருவர் பராமரிப்பை ஏற்க முன்வரலாம். நீக்கியபின் தெரிந்து வருபவரோ, பழைய பொதியானாலும் புதிய பொதிகளுக்கான வரிசையில் நின்றுதான் அதை மீண்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.