முந்திக்கொண்ட அன்பு



சென்ற திங்கள் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தபோது, இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு வினா விடுத்தார். "ஐயா, கிறிஸ்தவர்களாகிய நீங்கள் கடவுளிடம் அன்புகூர வேண்டும் என்று அடிக்கடி சொல்லுகிறீர்கள். அன்பு கூர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்றார். அவர் கேலியாகக் கேட்டாரல்லர்; அறியும் ஆவலால் கேட்டார். மழை வலுத்துவிட்டமையால் அன்று விடை கூற இயலவில்லை. அதனை இப்பகுதியில் எழுதுவது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

கிறிஸ்தவ சமயம் இவ்வினாவின் வரிசையை மாற்றிவிடுகிறது. "அன்பு கூர்ந்தால் என்ன கிடைக்கும்?" என்பது கூலிக்காரன் வினா. அவன் முன்னே உழைத்துப் பின்னே பெறுகிறான். கொடை பெற்றவனோ முன்னே பெற்றுப் பின்னே நன்றி கூறுகிறான். கிறிஸ்தவனின் இறையன்பு இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. மனிதர் திருந்திய பின்னரன்று, அவர்கள் பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து அவர்களுக்காகச் சிலுவையில் உயிர் நீத்தார் என்று பவுல் அடியார் உரோமையர்க்கு எழுதினார். இவ்வன்பு தகுதி பார்த்து வந்ததன்று என்பதே அவர் கருத்து.

பழைய ஏற்பாட்டிலும் இதே வரிசையைக் காணலாம். பத்துக் கட்டளைகளை அருளுமுன், எகிப்தின் அடிமைத்தளையினின்று தாம் அம்மக்களை மீட்டதைக் கடவுள் நினைவூட்டுகிறார். கட்டளைகளை நிறைவேற்றினால் மீட்பேன் என்று அவர் பேரம் பேசவில்லை. மீட்பு முந்தியது, கட்டளை பிந்தியது.

இயேசு பெருமானே இதனை ஒரு கடன் கதையால் விளக்கினார். அது லூக்கா எழுதிய நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் உள்ளது. சீமோன் என்னும் பரிசேயர் அவரை விருந்துக்கு அழைத்திருந்தார். ஊரார் பாவி என ஒதுக்கிய பெண்ணொருத்தி அங்கே வந்து, தன் கண்ணீரால் அவர் பாதங்களை நனைத்து, கூந்தலால் துடைத்து, நறுமணத் தைலம் பூசினாள். சீமோன் மனத்துள் முகம் சுளித்தார். அப்போது இயேசு கூறிய கதை இது: ஒருவரிடம் இருவர் கடன்பட்டிருந்தனர். ஒருவன் கடன் 500 தெனாரியம். மற்றவன் கடன் 50. இருவராலும் தீர்க்க இயலவில்லை. கடன் கொடுத்தவர் இருவரையும் மன்னித்துவிட்டார். இவர்களுள் எவன் அவரை மிகுதியாக நேசிப்பான்?

தெனாரியம் என்பது அக்காலத்துக் கூலியாள் ஒருவனின் ஒருநாட் கூலி. ஆகவே ஒருவன் கடன் ஒன்றரை ஆண்டு உழைப்பு. மற்றவன் கடன் இரண்டு மாத உழைப்பு. வேறுபாடு பெரிதுதான். எனினும் கதையில் நாம் விரைந்து கடந்துவிடும் சொல் ஒன்று உண்டு: இருவராலும் தீர்க்க இயலவில்லை. 50 தெனாரியக் கடனாளியின் கையும் வெறுங்கையே. சீமோனின் குறை, அவர் கடன் சிறிது என்பதன்று. தமக்குக் கடனே இல்லை என்று அவர் எண்ணியது. அதனாலன்றோ, வந்த விருந்தினர்க்குக் கால் கழுவத் தண்ணீர் தரவும் அவருக்குத் தோன்றவில்லை!

இக்கதையை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். 1978ஆம் ஆண்டு தாதர் நிலையத்தில் நான் இறங்கியபோது, என்னிடம் ஒரு தகரப்பெட்டியும் ஒரு முகவரியும் மட்டுமே இருந்தன. முகவரிக்குரியவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு அணிபவர். ஒற்றை அறையில் மனைவி மக்களோடு வாழ்ந்த அவர், ஏழு மாதம் எனக்குச் சோறும் பாய் விரிக்க இடமும் தந்தார். முதற் சம்பளம் வந்ததும், வேளை தவறாமல் எழுதிய கணக்கோடு பணத்தை அவர்முன் வைத்தேன். "தம்பி, கணக்கை மடித்துப் பையில் வை. நாளை ஊரிலிருந்து ஒருவன் வருவான், அவனுக்குச் சோறு போடு" என்றார்.

ஒருவன் வந்தான். பதினோர் ஆண்டு கழித்து, ஒரு மழை இரவில், கையில் கடிதத்தோடு என் வாயிலில் நின்றான். எனக்கு அப்பொழுது இரண்டு அறை வீடு இருந்தது. இடமில்லை என்று கூறி, இருபது ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறன்று கோயிலில் சீமோன் வீட்டு விருந்து வாசிக்கப்பட்டது. தண்ணீர் தராத அவ்வீடு என் வீடு என்று உணர்ந்தேன். மூன்று மாலை அவனைத் தேடி அலைந்தேன், கண்டிலேன். இன்றளவும் கண்டிலேன்.

அண்ணாச்சியை நான் மறந்துவிடவில்லை. ஆனால் அவர் தந்தது கொடை என்பதை மறந்து, யாவும் என் உழைப்பால் வந்தன என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். பெற்றதை மறந்தவன் கை தானே இறுகிவிடுகிறது.

கடவுள் முந்தி அன்புகூர்ந்ததால் நாமும் அன்புகூருகிறோம் என்னும் கருத்து, யோவானின் முதல் நிருபத்து நான்காம் அதிகாரத்தில் வருகிறது. நாம் அவரிடத்தில் அன்புகூருகிறோம் என்று சில கிரேக்கப் படிகளில் இருக்க, பழைய படிகள் சிலவற்றில் "அவரிடத்தில்" என்னும் சொல் இல்லை. அன்புகூருகிறோம் என்ற அளவிலே நின்றுவிடுகிறது. இரண்டும் பொருந்துவனவே. கண்ட சகோதரனை நேசியாதவன் காணாத கடவுளை எவ்வாறு நேசிப்பான் என்று அடுத்த வாக்கியத்திலேயே யோவான் கேட்கிறார். பெற்ற அன்பு கடவுளை நோக்கி மேலே செல்லும். அண்டை வீட்டாரை நோக்கிப் பக்கத்திலும் பாயும்.

நம் வள்ளுவரும், செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, நாம் ஓர் உதவியும் செய்யாதிருக்க நமக்கு ஒருவர் செய்த உதவியைப் பற்றிப் பேசுகிறார். மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது என்பது அவர் முடிவு. ஈடுசெய்ய இயலாத அவ்வுதவியைக் கடவுளே செய்துவிட்டார் என நம்புகிறவன் கிறிஸ்தவன். ஈடுசெய்ய முடியாதபோது எஞ்சுவது அன்பு ஒன்றே.

படிக்கட்டில் வினவிய இளைஞருக்கு என் விடை இதுவே: தம்பி, அன்பு கூர்ந்தால் என்ன கிடைக்கும் என்று நாங்கள் கணக்கிடுவதில்லை, கணக்கு முன்னமே தீர்க்கப்பட்டுவிட்டது. இனிச் செய்யவேண்டியது, வாயிலில் நிற்பவன் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பது. அதனை ஒருமுறை செய்யத் தவறியவன் இதனை எழுதுகிறேன்.