குப்பைக்கு இடம் பார்ப்பது யார்?

குப்பையில் என்ன அரசியல் இருக்கிறது என்று நம் இளைஞர்கள் கேட்கலாம். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி சாலையில் தெற்கே இடைசெவல் வரை ஒருமுறை போய் வாருங்கள். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. பெய்கிற மழை ஓடை வழியே கண்மாயில் சேர்ந்தால்தான் ஆடு மாட்டுக்குத் தண்ணீர். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். கையை விட்டால் உள்ளே போகும். அந்த வெடிப்பின் மேல் குப்பையைக் குவித்து வைத்தால், ஐப்பசியில் விழும் மழை அதன் சாற்றை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கும்? பாலித்தீன் பையைத் தின்ற ஆடு செத்தால் யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

இப்படிப்பட்ட மண்ணில் எந்தப் புறம்போக்கு குப்பைக் கிடங்கு ஆக வேண்டும் என்பதை ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பு தீர்மானிக்கிறது. அதன் பக்கத்தில் குடியிருக்கப் போகிறவனுக்குச் செய்தி கடைசியில்தான் வருகிறது. சில நேரம் நாற்றம்தான் முதலில் வருகிறது!

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் விளப்பில்சாலை சாட்சி. 2000-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாநகராட்சி தன் குப்பைக்கான ஆலையைப் பக்கத்துக் கிராமத்தில் கொண்டு போய் வைத்தது. உரம் தயாரிக்கப் போகிறோம் என்றார்கள். குப்பை மலைதான் வளர்ந்தது. கழிவு நீர் ஓடையில் இறங்கியது. பத்தாண்டுகளுக்கு மேல் பொறுத்த மக்கள், 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே ஆலைக்குப் பூட்டுப் போடும் நிலைக்கு வந்தார்கள். 2012 பிப்ரவரியில் போலீஸ் காவலோடு நுழைய முயன்றபோது பெண்களும் பிள்ளைகளும் சாலையை அடைத்து நின்றனர். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

கிராமம் வென்றது. ஆனால் தலைநகரின் தெருக்களில் குப்பை தேங்கியது. ஆரம்பத்திலேயே ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தால் இரு தரப்புக்குமே இந்தத் துன்பம் வந்திருக்காது.

அதே மாநிலத்தின் ஆலப்புழையும் தன் குப்பையைப் பக்கத்துப் பஞ்சாயத்தில்தான் கொட்டி வந்தது. அங்கும் மக்கள் மறித்தார்கள். அந்த ஊர் வேறு வழியில் போனது. 2012 முதல் வார்டு வார்டாகக் கூட்டம் போட்டு, வீட்டுக் குப்பையை வீட்டிலேயும் தெருவிலேயும் மக்க வைக்கும் தொட்டிகளையும் சாண எரிவாயு போன்ற சிறு கலன்களையும் அமைத்தார்கள். 2017-ல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பே அதைப் பாராட்டியது. ஆலப்புழை நம்மைப் போலக் கடைவீதி நிறைந்த ஊர்தான். சொர்க்கபுரி ஒன்றும் இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே கோடகநல்லூர், பழவூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்த பிறகு, டிசம்பர் 22-ல் கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிப் போயின. கிராமத்தார் சும்மா இருந்திருந்தால் அது அங்கேயே மக்கிப் போயிருக்கும்.

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கோழிக்கடைக் கழிவையும் கறிக்கடைக் கழிவையும் இருட்டிய பிறகு ஊர் எல்லையில் வீசிவிட்டு வருவது யார்? ஊராட்சியில் அதற்கு ஒரு குழி, ஒரு வண்டி, ஒரு நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோமா? கேட்காதவன் கடை வாசலில்தான் குப்பைத் தொட்டி வந்து உட்காரும். கட்டணமும் அவனைக் கேட்காமலேயே நிர்ணயமாகும்.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கிராம சபையைத் தந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்களாக இருந்தது; 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறானது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தால்தான் கோரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. வாக்குக் கேட்டு வர வேண்டிய அவசியம் அதிகாரிக்குக் கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் சபையைத் தவிர மக்களுக்கு வேறு வாய் ஏது?

போகும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். குப்பைக் கிடங்கு குடியிருப்பிலிருந்தும் குளத்திலிருந்தும் நெடுஞ்சாலையிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு விதிகள் வகுத்தன. உங்கள் ஊரில் பார்த்திருக்கும் இடம் கண்மாய்க் கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்துவிட்டுப் பேசுங்கள். கேள்வியை எழுதிக் கொடுங்கள். வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை ராத்திரி எழுதிக்கொள்கிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கேள்வி ஏறியிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.