விளையாட்டுக் கருவிக்கு எழுத எம்மொழி கற்பது?

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடப்படும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ சுவிட்ச் முதலிய கருவிகளுக்கு விளையாட்டுகளை ஆக்க வேண்டும் என்னும் வேட்கை நம் மாணவரிடையே வளர்ந்து வருகின்றது. எந்தப் பணிசெயல் முறைமையைத் தேர்வது, எந்தச் செய்நிரல் மொழியைக் கற்பது என்று அவர்கள் வினவுகின்றனர். பெற்றோருக்கோ இதற்கெனப் பெரும்பணம் செலவாகுமோ என்னும் கவலை. இவ்விரண்டிற்கும் இவ்வாரம் விடை கூற முற்படுகின்றோம்.

தேர் செய்வோன் அது செல்லும் வீதியின் அகலத்தை முதலில் அளப்பான். இங்கு வீதியை வகுத்தவர்கள் கருவியை ஆக்கிய நிறுவனத்தார். பிளேஸ்டேஷன் 4இன் முறைமை பிரீபிஎஸ்டி என்பதிலிருந்து உருவாக்கப்பட்டது; எக்ஸ்பாக்ஸ் ஒன், விண்டோஸை அடியாகக் கொண்டது; சுவிட்ச், நின்டெண்டோ தானே வகுத்த முறைமையில் இயங்குவது. இவற்றை மாற்றும் உரிமை நமக்கில்லை. இவற்றிற்கு எழுதுவதற்கான முழுமையான சாதனங்கள், பதிவு பெற்று இரகசியம் காக்க உடன்பட்டோருக்கே வழங்கப்படும். ஆதலின், கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு விளையாட்டுக் கருவி வாங்கிக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

மொழியைப் பற்றி இனிக் காண்போம். 1977இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியின் நினைவகம் 128 பைட்டுகளே. அதற்கு எழுதியோர் இயந்திரத்தின் மொழிக்கு மிக அணித்தான ஒருங்கு மொழியில் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி எழுதினர். இற்றைநாளில் 'எஞ்சின்' எனப்படும் அடிப்படை மென்பொருள்கள் அப்பளுவைச் சுமக்கின்றன. அன்ரியல் என்பதில் சி பிளஸ் பிளஸ் மொழியும், யூனிட்டியில் சி ஷார்ப் மொழியும் வழங்குகின்றன. விளையாட்டை ஒருமுறை எழுதிவிட்டுப் பின்னர் அவ்வக் கருவிக்கு ஏற்பச் செப்பனிடலாம்.

கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023 யூலை 31இல் வெளியிட்ட 'வெண்பா' இதற்குத் தக்க சான்று. தமிழகத்திலிருந்து கனடா சென்று குடியேறிய தாயொருத்தி இட்டலியும் புட்டும் சமைத்து, மகனோடு தன் மொழியையும் மரபையும் காக்க முயலும் கதை அது. யூனிட்டியில் ஆக்கப்பெற்று, சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், விண்டோஸ் ஆகியவற்றில் ஒரே நாளில் வெளிவந்தது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, சிறந்த முதற்படைப்புக்கான விருதினை இதற்கு அளித்தது.

ஆயினும், ஒரே சாதனத்தை நம்பியிருத்தலும் தகாது. 2023 செப்டெம்பரில் யூனிட்டி நிறுவனம், விளையாட்டு நிறுவப்படும் தோறும் கட்டணம் அறவிடும் திட்டத்தை அறிவித்தது. ஆக்குவோர் கொதித்தெழுந்தனர், ஓராண்டின் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. கோடோ என்னும் எஞ்சின் இலவசமானது. அதன் மூலநிரலும் யாவருக்கும் திறந்தது. ஆனால், மேற்கூறிய இரகசிய உடன்படிக்கையின் காரணமாக, அதில் ஆக்கியதை இக்கருவிகளுக்குக் கொண்டு செல்லப் பிறர் உதவி வேண்டும். குறையில்லாத சாதனம் எதுவுமில்லை என்பதை மாணவர் உணர்தல் நன்று.

ஆகவே நாம் கூறுவது இதுவே: உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வரும் பைதனை முதலில் செவ்வனே கற்க. மாறி, நிபந்தனை, மடக்கு, சார்பு ஆகியன எம்மொழிக்கும் பொது. அடுத்துச் சி ஷார்ப், பின்னர் சி பிளஸ் பிளஸ் என ஏறுக. வீட்டிலோ பாடசாலையிலோ உள்ள கணினி விண்டோஸாயினும் லினக்ஸாயினும் தொடங்குவதற்குத் தடையில்லை. முதல் ஆண்டில் சிறியதொரு விளையாட்டையேனும் தொடக்கம் முதல் இறுதி வரை முடித்துப் பழகுக. பாதியில் நிற்கும் பத்தினும் முடிந்த ஒன்று மேல்.

சொல்லுதற்கு நம்மிடம் பொருளும் உண்டு. வெண்பாவை ஆக்கியோர் தம் அடுக்களையிலிருந்து கதை எடுத்தனர். மாத்தளைப் பிள்ளைக்கு மாசிமகத்தில் உலாவரும் முத்துமாரியம்மன் பஞ்சரதம் உண்டு. மிளகும் கறுவாவும் விளையும் தோட்டங்கள் உண்டு. மலையகத்து முன்னோர் நடந்து வந்த வழிகள் உண்டு. மொழியைக் கசடறக் கற்றவன் இவற்றை உலகின் எக்கருவியிலும் ஏற்றலாம்.