பேட்டுக்குச் சட்டம், பிஸ்டலுக்குப் பெட்டி: ப்ராக்டிகல் ஷூட்டிங்கில் ஜெயிப்பது கையா, கருவியா?

2025 ஐபிஎல் சீசனில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் பட்டது. களமிறங்கும் பேட்ஸ்மேனை நடுவர் நிறுத்துவார். பேட்டை வாங்கி ஓர் அளவுச் சட்டத்துக்குள் நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் ஆடலாம். இல்லையென்றால் வேறு பேட் எடுத்து வர வேண்டியதுதான். விளிம்பு 40 மி.மீ., தடிமன் 67 மி.மீ. தாண்டக் கூடாது என்று 2017-ல் வந்த விதிக்கான சோதனை அது.

இதே மாதிரி ஒரு சோதனை இன்னொரு விளையாட்டில் பல வருஷமாக நடக்கிறது. அங்கே சோதனைக்கு உள்ளே போவது கைத்துப்பாக்கி. 225 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலத்தில் ஒரு பெட்டி. மகசின் மாட்டிய துப்பாக்கி அதற்குள் முழுசாக அடங்க வேண்டும். அடங்கவில்லையா? அந்தப் பிரிவில் இடமில்லை.

விளையாட்டின் பெயர் ப்ராக்டிகல் ஷூட்டிங். பெட்டி, தராசு, குண்டின் வேகத்தை அளக்கும் கருவி ஆகிய மூன்றை நம்பித்தான் இதன் நியாயம் நிற்கிறது. ஆனால், அந்த அளவுகளே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தால்?

நின்று சுடுவது இல்லை, ஓடிச் சுடுவது

துப்பாக்கிச் சுடுதல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலப் பதக்கங்கள். 10 மீட்டர் தூரம், அசையாத இலக்கு, அசையாத ஆள். தகுதிச் சுற்றில் 60 குண்டுகளைச் சுட 75 நிமிடம் தருவார்கள்.

ப்ராக்டிகல் ஷூட்டிங் இதற்கு நேர் எதிர். பிஸ்டல் இடுப்பு உறைக்குள் இருக்கும். டைமர் 'பீப்' அடித்ததும் உருவ வேண்டும், ஓட வேண்டும், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிச் சுட வேண்டும், ஓடிக்கொண்டே மகசின் மாற்ற வேண்டும். அட்டை இலக்குகள் இருக்கும், சுட்டால் விழ வேண்டிய இரும்புத் தட்டுகள் இருக்கும், நடுநடுவே சுடவே கூடாத 'நோ-ஷூட்' அட்டைகளும் இருக்கும். நீளமான சுற்று ஒன்றுக்கு 32 தோட்டா வரை தேவைப்படலாம். முன்னணி வீரர்கள் அதை அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

எந்த இலக்கை எங்கே நின்று, எந்த வரிசையில் சுடுவது என்பது சுடுபவரின் முடிவு. அதற்காக முன்கூட்டியே களத்தை நடந்து பார்க்கச் சில நிமிடம் கிடைக்கும். வெறுங்கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு பத்துப் பேர் ஒரே நேரத்தில் முணுமுணுத்தபடி நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால், பாதிப் போட்டி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

1950-களில் கலிஃபோர்னியாவில் முளைத்த போட்டிகள் இதன் தொடக்கம். 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் இதற்கான சர்வதேச அமைப்பு, ஐ.பி.எஸ்.சி., பிறந்தது. முதல் தலைவர் முன்னாள் மரைன் படை அதிகாரி ஜெஃப் கூப்பர். துல்லியம், விசை, வேகம் ஆகிய மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் அமைப்பின் கொள்கை.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

இலக்கு அட்டையில் ஏ, சி, டி என மூன்று பகுதிகள். நடுவில் இருக்கும் ஏ-க்கு 5 புள்ளி. குறி தவறினால் 10 புள்ளி கழியும். நோ-ஷூட் அட்டையில் பட்டாலும் அதே 10. கடைசியில் மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகுப்பார்கள். வருவதுதான் 'ஹிட் ஃபேக்டர்'.

ஒரு சின்னக் கணக்கு. ஆறு அட்டை, அட்டைக்கு இரண்டு தோட்டா. ஒருவர் 12 குண்டையும் ஏ-யில் போட்டு 7.5 வினாடி எடுக்கிறார்: 60 வகுத்தல் 7.5, அதாவது 8.00. இன்னொருவர் 6.5 வினாடியில் முடிக்கிறார். ஒன்பது ஏ, மூன்று சி. சாதாரண விசைத் தோட்டா என்பதால் சி-க்கு 3 புள்ளிதான். 54 வகுத்தல் 6.5, அதாவது 8.31. இரண்டாமவர் முந்திவிட்டார். ஆனால், அதே 6.5 வினாடியில் பதினொரு ஏ போட்டு ஒன்றே ஒன்றைத் தவறவிட்டால்? 6.92. அவசரத்துக்கும் விலை உண்டு, நிதானத்துக்கும் விலை உண்டு.

விசை எங்கே வருகிறது?

குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 'பவர் ஃபேக்டர்' கிடைக்கும். 124 கிரெயின் 9 எம்.எம். குண்டு 1,030 அடி வேகத்தில் போனால் 127. இது 'மைனர்'. குறைந்தபட்சம் 125 வேண்டும். 180 கிரெயின் .40 குண்டு 950 அடி வேகத்தில் போனால் 171. ஐ.பி.எஸ்.சி.யின் ஸ்டாண்டர்ட் பிரிவில் 170-ஐத் தொட்டாலே 'மேஜர்'. மேஜருக்கு சி-யில் 4, டி-யில் 2 புள்ளி. மைனருக்கு 3, 1.

மேலே பார்த்த 6.5 வினாடிக்காரர் மேஜர் தோட்டா வைத்திருந்தால் அவருக்கு 8.77 கிடைத்திருக்கும். ஆனால், விசை கூடினால் கையில் உதைப்பும் கூடும், அடுத்த குண்டு தாமதமாகும். கஷ்டத்துக்குக் கூலி, அவ்வளவுதான் லாஜிக்.

தோட்டாவை வீட்டிலேயே தயாரித்து, 125-ஐ மயிரிழையில் தாண்டும்படி வைத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். அதனால் பெரிய போட்டிகளில் வீரரின் தோட்டாக்களை அதிகாரிகளே எடுத்து, குண்டை எடை போட்டு, வேகத்தை அளந்து பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் இதற்கு ஊசல் வைத்திருந்தார்கள். இப்போது மின்னணுக் கருவி. 125-க்குக் கீழே போனால் தொடர்ந்து சுடலாம், ஆனால் மார்க் கிடையாது.

இத்தனை பிரிவுகள் எதற்கு?

ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே களம். பிறகு வாயுவை மேல்நோக்கித் தள்ளி உதைப்பைக் குறைக்கும் காம்பென்சேட்டர் வந்தது. அடுத்து, கண்ணாடியில் ஒளிரும் சிவப்புப் புள்ளியை இலக்கில் வைத்தாலே போதும் என்ற ரெட் டாட் வந்தது. 1990-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்காவின் டக் கோனிக் ரெட் டாட் பொருத்திய பிஸ்டலோடு பட்டம் வென்றார். சாதாரணத் துப்பாக்கிக்காரர்களுக்கு அதற்குப் பிறகு என்ன வாய்ப்பு மிச்சம்?

பதிலாக வந்தவைதான் பிரிவுகள். 'ஓப்பன்' பிரிவில் ஏறக்குறைய எதையும் மாட்டலாம். அங்கே ஒரு துப்பாக்கியே சில ஆயிரம் டாலர் ஆகும். 'ஸ்டாண்டர்ட்' பிரிவில் மேலே சொன்ன பெட்டி காவல் காக்கும். 'ப்ரொடக்‌ஷன்' பிரிவு கடையில் வாங்கிய துப்பாக்கியோடு வரும் சாமானியருக்கானது. எல்லோருக்கும் மைனர் மார்க்தான். தொடக்கத்தில் மகசினில் 15 தோட்டாவுக்கு மேல் கூடாது. ட்ரிகரை முதல் முறை இழுக்க 2.27 கிலோ விசையாவது வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் 1.36 கிலோ வேண்டும். இடுப்பு எலும்புக்கு முன்னால் உறையைத் தள்ளி மாட்டவும் முடியாது.

முதல் போட்டிக்குத் தயங்கித் தயங்கி வருபவருக்கு இந்தப் பிரிவு ஒரு வாக்குறுதி தருகிறது: "கையில் இருப்பதோடு வா, மிச்சத்தை உன் திறமை பார்த்துக்கொள்ளும்."

அந்த வாக்குறுதிக்கு என்ன ஆனது?

விதியை யாரும் மீறவில்லை. அதைச் சுற்றிப் போனார்கள். 'தொழிற்சாலையில் தயாரான துப்பாக்கி' என்பதுதானே நிபந்தனை? சரி, போட்டித் துப்பாக்கியையே தொழிற்சாலையில் தயாரித்துவிட்டால்? செக் நாட்டின் சி.இசட். நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த 'ஷேடோ 2' இந்தப் பிரிவை மனதில் வைத்தே வடிவமைத்த இரும்புத் துப்பாக்கி. எடை 1.3 கிலோ. போலீஸ்காரர்கள் இடுப்பில் சாதாரணமாகப் பார்க்கும் கிளாக் 17, காலி மகசினோடு சேர்த்தாலும் முக்கால் கிலோ வராது. எடை கூடினால் உதைப்பு குறையும். உதைப்பு குறைந்தால் இரண்டாவது குண்டு சீக்கிரம் போகும். நிறுவனத்தின் மீது தப்பில்லை. விதியில் இருந்த ஓட்டை வழியாகச் சந்தை உள்ளே வந்துவிட்டது.

அமெரிக்க அமைப்பான யு.எஸ்.பி.எஸ்.ஏ.வின் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே ரெட் டாட் வைத்த சாதாரண பிஸ்டல்களுக்காக 'கேரி ஆப்டிக்ஸ்' என்று ஒரு பிரிவு. பெயரே சொல்கிறது: தினமும் இடுப்பில் வைத்துத் திரியக்கூடிய துப்பாக்கி. எடைக்கு 45 அவுன்ஸ், அதாவது சுமார் 1.28 கிலோ, உச்சவரம்பு இருந்தது. 2019-ல் அதை 59 அவுன்ஸாக, சுமார் 1.67 கிலோவாக, உயர்த்தினார்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கனமான ஒன்றை யார் தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பார்கள்? பெயர் மட்டும் 'கேரி' என்றே நிற்கிறது.

பிளாஸ்டிக் சட்டகத் துப்பாக்கியோடு சேர்ந்தவருக்கு இதனால் என்ன நஷ்டம்? அவர் துப்பாக்கி நேற்றும் விதிக்குட்பட்டது, இன்றும் விதிக்குட்பட்டது. ஆனால், நேற்றுவரை போட்டியாகத் தெரிந்தது, இன்று 'அடுத்து எதை வாங்கணும்?' என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. அதைக் கேட்டுக் களைத்துப்போகிறவர் சத்தம் போட்டுவிட்டு விலகுவதில்லை. அடுத்த மாதம் வருவதில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கமும் இருக்கிறது

கருவியைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பவர்களிடமும் நியாயம் உண்டு. ரெட் டாட் இல்லாவிட்டால், நாற்பதைத் தாண்டிக் கிட்டப் பார்வை மங்கியவர்கள் துப்பாக்கி முனையில் இருக்கும் இரும்புக் குறியைத் தெளிவாகப் பார்க்கவே திணறுவார்கள். கனமான துப்பாக்கி உதைப்பை அடக்கிக் கொடுப்பது பலருக்கும் உதவி. ஒரு காலத்தில் ஓப்பன் பிரிவின் ஆடம்பரமாக இருந்த ரெட் டாட்தான் இன்று பல நாட்டுப் போலீஸ் பிஸ்டல்களில் உட்கார்ந்திருக்கிறது. மேலும், திறமை இல்லாதவரை எந்தத் துப்பாக்கியும் சாம்பியன் ஆக்கிவிடாது. இதுவும் உண்மை.

ஆனால், இதெல்லாம் புதுக் கருவிக்கு ஓர் இடம் தேவை என்பதற்கான வாதம். பழைய இடத்தைக் கரைப்பதற்கான வாதம் அல்ல. ஐ.பி.எஸ்.சி. ரெட் டாட் விஷயத்தில் செய்தது சரியான வழி. ப்ரொடக்‌ஷன் பிரிவுக்குள் அதை அனுமதிக்காமல், 'ப்ரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ்' என்று தனிப் பிரிவு ஆரம்பித்தது. பிரிவுகள் பெருகினால் ஒவ்வொன்றிலும் கூட்டம் குறையும் என்பது நிஜமான சிக்கல். இருந்தும், நுழைவாயிலை இழப்பதோடு ஒப்பிட்டால் அது சின்ன விலைதான்.

ஒரு விதி மட்டும் ஏன் நகர்வதில்லை?

இந்த விளையாட்டுக்கு உறுதியாக நிற்கத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. பாதுகாப்பு விதிகளைப் பாருங்கள். துப்பாக்கி முனை 90 டிகிரி எல்லையைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினால் வெளியே. சுற்றின் நடுவே துப்பாக்கி கை நழுவி விழுந்தால் வெளியே. தவறுதலாக வெடித்தால் வெளியே. அதிகாரியின் கட்டளை இல்லாமல், ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் அதை உறையிலிருந்து எடுத்தாலே வெளியே. அந்த ஒதுக்கிய இடத்தில் துப்பாக்கியைத் தொடலாம், தோட்டாவைத் தொடக் கூடாது.

உலக சாம்பியனா, நேற்று சேர்ந்தவரா என்ற பேதமே இல்லை. டிக்கெட் போட்டு வேறு கண்டத்திலிருந்து வந்திருந்தாலும் அன்றோடு போட்டி முடிந்தது. யாரும் பெரிதாகச் சண்டை போடுவதும் இல்லை. ஏனென்றால் அந்தக் கோடு எல்லோருக்கும் தெரிந்த கோடு, யாருக்காகவும் நகராத கோடு. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பவர்கள், நியாயம் சம்பந்தப்பட்ட இடத்திலும் கொஞ்சம் தெளிவு காட்டலாம்.

நமக்கு இதில் என்ன?

இந்த விளையாட்டின் அடிப்படைத் தோட்டாவான 9 எம்.எம்., இந்தியாவில் சாதாரண உரிமத்தில் வாங்க முடியாத தடை செய்யப்பட்ட ரகம். அதனால் நம்மில் பெரும்பாலோருக்கு இது போனில் பார்க்கும் விளையாட்டுதான். ஆனால், ஜப்பானையும் ஹாங்காங்கையும் கவனிக்கலாம். நிஜத் துப்பாக்கிக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள அந்த இடங்களில், பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட் பிஸ்டலை வைத்து இதே விதிகளோடு 'ஆக்‌ஷன் ஏர்' ஆடுகிறார்கள். 2018-ல் ஹாங்காங்கில் அதற்கு உலகப் போட்டியே நடந்தது. துப்பாக்கி மாறியும் விளையாட்டு மாறவில்லை. ஏனென்றால் அது இருப்பது விதிப் புத்தகத்தில்.

செய்ய வேண்டியது பெரிய புரட்சி இல்லை. ஆரம்பப் பிரிவின் எடைக்கு ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும், தாராளமாக இல்லாமல் அந்தப் பிரிவின் பெயருக்கு ஏற்றபடி. புதுக் கருவி வந்தால் புதுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். விதியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே காசு போட்டு வாங்கியவர்கள் சுதாரிக்க அவகாசம் தர வேண்டும்.

225, 150, 45. இந்த மூன்று எண்ணையும் நாளைக்கே ஐந்து ஐந்து மி.மீ. கூட்டிவிடலாம். யாருக்கும் வலிக்காது, கடைக்காரர்களுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும். அதற்கு அடுத்த வருஷம் இன்னொரு ஐந்து கேட்பார்கள். அப்போது 'முடியாது' என்று சொல்ல ஒரு காரணம்கூடக் கையில் இருக்காது.