முகநூல் போதாது

இலங்கையின் கிழக்கே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல் கொண்டுபோனவற்றில் வீட்டு அலுமாரிப் படங்களும் பத்திரங்களும் அடங்கும். மருதமுனைக் கைத்தறியையோ ஊர்க் கவியையோ பற்றி ஒருவர் பொழுதுபோக்காக அமைக்கும் சிறு இணையத்தளத்தை நான் மதிப்பது, வீட்டில் மட்டும் வைத்திருப்பது இப்படி அழியலாம் என்பதால்தான். முகநூல் இருக்கிறதே, தளம் எதற்கு என்பார்கள். அங்கே போன வருடம் போட்டதைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. முகவரியும் ஒழுங்கும் நம் கையில் இல்லை.

தனித்தளமும் அழியும் என்ற மறுப்புத்தான் கனமானது. யாகூ 2009இல் தன் இலவச இணையத்தளச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது எண்ணற்ற பொழுதுபோக்குத் தளங்கள் போயின. பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய தமிழ்ப் பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரிகின்றன. இந்த அழிவுகள் எனக்குச் சொல்வது கட்டும் முறையைப் பற்றித்தான்: யூனிகோடில் எழுத வேண்டும், எளிய எச்டிஎம்எல் கோப்புகளாக வைக்க வேண்டும், முழுப் பிரதியொன்றை வேறிடத்தில் சேமிக்க வேண்டும். அந்த வேறிடம் ஒரு காப்பகமாக இருக்கலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இன்றும் இலவசமாகத் திறந்து தருகிறது. ஊர்த் தளக்காரர்கள் அத்தகைய காப்பகங்களோடு இப்போதே பேசத் தொடங்கலாம்.